சாம்பிராணி மணக்கும் பெட்டி

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது ஒரு பழைய தகரப் பெட்டி இறங்கியது. திறந்து பார்த்தேன். நாலைந்து துணித் துண்டுகள், அவ்வளவுதான். ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் லேசாகச் சாம்பிராணி மணந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பெட்டியை இறக்கிக் கொடுத்த பெயின்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருச்சுழிப் பக்கம் வனக்காவலராக இருந்தேன். அப்போதுதான் மேடம் வந்தார். காரியாபட்டிக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர், காட்டு ஆமைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஓட்டில் நட்சத்திரம் வரைந்ததுபோல் மஞ்சள் கோடுகள் ஓடுமே, அந்த ஆமை. பிடித்து விற்கிறவர்களால் அந்த இனமே குறைந்துகொண்டு வந்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த முட்காட்டை வெட்டிக் கரிமூட்டம் போட ஏற்பாடாகியிருந்தது. கோடையில் ஆமைகள் முள்ளுக்கடியில் மண்ணோடு மண்ணாக அசையாமல் கிடக்கும். எத்தனை பேர் தேடினாலும் கண்ணில் படாது. வெட்டி மிஞ்சிய செத்தைக்குத் தீ வைத்தால் கிடந்த இடத்திலேயே வெந்து போகும். ஒரு நாயைப் பழக்கி, அதன் மோப்பத்தை வைத்து ஆமைகளை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும் என்பது மேடத்தின் திட்டம். போலீஸ் நாய்களைப் பழக்கும் ஒருவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். துணைக்கு என்னைப் போட்டார்கள். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்று ஆபீஸில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எங்கள் நாய், அருப்புக்கோட்டையில் ஒரு பரோட்டாக் கடை வாசலில் கிடந்த நாட்டு நாய். நிறத்தைப் பார்த்து மேடம் அதற்குச் சோளம் என்று பேர் வைத்தார். யாரோ கடத்திப் பிடிபட்ட ஆமைகள் சில எங்கள் ஆபீஸில் இருந்தன. அவை படுத்த துணியைத் துண்டு போட்டு, ஒரு துண்டைப் புதரில் ஒளித்து வைப்போம். சோளம் அதைக் கண்டுபிடித்து, குரைக்காமல், பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ரப்பர் பந்து. பந்துக்காக அது உயிரையே விடும். அது உட்கார்ந்த நொடியில் மேடம் நாயைவிட உயரமாகக் குதிப்பார். ஒரு மாதத்தில் நானும் கூச்சம் விட்டுப்போய், யூனிஃபார்மோடு புழுதியில் உருண்டு அதோடு பந்துக்கு மல்லுக்கட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் சம்பளம் வாங்கியதே இல்லை.

துணிகளைப் பத்திரப்படுத்துவது என் பொறுப்பு. ஆபீஸில் எலித் தொல்லை என்பதால் தகரப் பெட்டியில் போட்டு வீட்டில் வைத்திருந்தேன். ஆமை படாத வெறுந்துணியை வைத்து ஏமாற்றினாலும் சோளம் திரும்பிப் பார்க்காது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பரீட்சை ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். நாய் தேறினால் தேடி முடிக்கும்வரை காடு வெட்டுவதை நிறுத்துவதாகவும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை கோடாலி இறங்கும் என்றும் முன்பே சொல்லிவிட்டார். ரோட்டோரப் புதர்களில் மூன்று ஆமைகளை அவரே வைத்திருந்தார். சோளம் மூன்று புதரையும் தாண்டிப் போனது. பிறகு மூக்கைத் தூக்கியது. ரோட்டைக் கடந்து ஒரே ஓட்டமாகப் பலசரக்குக் கடைக்குப் போனது. அங்கே, வெள்ளிதோறும் கடைகடையாகச் சாம்பிராணிப் புகை போட வரும் பாய், புகைச் சட்டியோடு நின்றிருந்தார். சோளம் அவர் காலடியில் அடக்கமாக உட்கார்ந்து, பந்து எங்கே என்று எங்களைப் பார்த்தது. போலீஸ் நாய் என்று நினைத்த பாய், தான் எதையும் எடுக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். அதிகாரி சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மேடம் நேரே என் வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார்.

"நாந்தான் போட்டேன்" என்றாள் அவள். "ஆமை புகுந்த வீடு வெளங்காதும்பாக. ஆமைத் துணியும் ஆமைதான? பிள்ளைகள வச்சிருக்கேன், பயமா இருக்காதா?"

செவ்வாய், வெள்ளி தவறாமல் பெட்டிக்குள் புகை காட்டியிருக்கிறாள். அந்த இரண்டு நாளும் வீடே மணக்கும், எனக்கு எங்கே தெரியும்? நான் அவளைத் திட்ட வாயெடுத்தேன். மேடம் கையைக் காட்டித் தடுத்தார்.

"அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே. நாயும் தப்புப் பண்ணல. நாம என்ன சொல்லிக் குடுத்தமோ அதத்தான செஞ்சிருக்கு. திங்கக்கெழமைக்கு இன்னும் ரெண்டு நா கெடக்கு."

அந்த இரண்டு நாளும் அவர் தூங்கினாரா என்று தெரியாது. ஞாயிறு ஆராதனைக்குக்கூடப் போகவில்லை. ஆமைகள் படுத்த புதுத் துணிகளை ஆபீஸ் வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். சாம்பிராணித் துணியிடம் உட்கார்ந்தால் பந்து இல்லை. சோளத்துக்கு முதலில் கோபம், பிறகு குழப்பம், ஞாயிறு சாயங்காலம் தெளிவு.

திங்கட்கிழமை விடியும்போதே வெட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். மேடம் அவர்களுடைய மேஸ்திரியிடம் ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டார். சோளம் நாலு புதர் தாண்டி, ஐந்தாவதன் அடியில் உட்கார்ந்தது. அங்கே ஒன்றுமே தெரியவில்லை. கம்பால் சருகை விலக்கினேன். கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டு, மெல்லக் கழுத்தை நீட்டியது. மேடம் குதிக்கவில்லை, அழுதார். மேஸ்திரி கோடாலியைக் கீழே போட்டுவிட்டு, நாய் முடிக்கிறவரைக்கும் யாரும் வெட்டக் கூடாது என்று தன் ஆட்களிடம் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் பதினோரு ஆமைகள். கோடை மழை பிடித்துக்கொண்டது, ஜீப் வரவில்லை, ஆபீஸ் பூட்டியிருந்தது. சாக்குகளோடு என் வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றோம். உள்ளே கொண்டுவரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவி சாக்கைப் பார்த்தாள், முள் கிழித்த மேடத்தின் கைகளைப் பார்த்தாள்.

"வாசல்ல நின்னு நனையவா? எல்லாத்தையும் உள்ள கொண்டாங்க" என்றாள்.

மறுநாள் வெட்டு இல்லாத காட்டில் அவற்றை விட்டோம். மேடம் இப்போது எங்கோ வடக்கே இருக்கிறார். வருஷா வருஷம் பொங்கலுக்குப் போன் செய்து என் மனைவியிடம் ஒரே கேள்விதான் கேட்பார். அன்றைக்குப் பெட்டி என் மடியில் இருக்கும்போதே போன் வந்தது.

"என்னக்கா, வீடு வெளங்குச்சா?"

"வெள்ளையடிச்சுக்கிட்டு இருக்கோம் தாயி" என்றாள் என் மனைவி. "வரும்போது ரெண்டு ஆமையக் கூட்டிட்டு வா."