ஐந்தாவது ஏன்

நீலாயதாட்சி எம்.பி.ஏ. சேர்ந்தது முன்னேறுவதற்காக அல்ல. 'இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்த காரணம்' என்று விண்ணப்பத்தில் இருந்த கட்டத்தில் எல்லோரையும் போல 'நிர்வாகத் திறனை வளர்த்துக்கொள்ள' என்றுதான் எழுதினாள். நேர்மையாக நிரப்பியிருந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு மனிதரின் பெயர் மட்டுமே இருந்திருக்கும்: சுவாமிநாதன், மேனேஜர், ஐஸ் கம்பெனி.

சுவாமிநாதன் விழிதியூர்க்காரர். வயல் வைத்திருக்கும் சைவக் குடும்பம். மீனை வாயில் வைத்ததில்லை. ஆனால் காரைக்கால் போட்டுகள் பிடித்து வரும் மீன் இத்தனை வருஷமாகக் கெடாமல் இருப்பது தன் பேனாவால்தான் என்று உறுதியாக நம்பியவர். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. முழுப் பொய்யாக இருந்திருந்தால் அவரை எவ்வளவோ சுலபமாகப் பழிவாங்கியிருக்கலாம்.

மீனவ ஊரான கருக்களாச்சேரியில் பிறந்து பி.காம். முடித்த நீலா, அந்தக் கம்பெனியில் ஆறு வருஷம் டோக்கன் எழுதினாள். வேலை எளியது. கடலுக்குப் போகிற போட்காரர் வந்து எத்தனை கட்டி ஐஸ் வேண்டும் என்று சொல்வார். நீலா டோக்கன் எழுதி மேனேஜர் மேஜையில் வைப்பாள். அவர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் கீழே இருக்கிறவர்கள் கட்டியை அரைக்கும் இயந்திரத்துக்குள் தள்ளுவார்கள். கையெழுத்து வரும்வரை போட் நிற்கும், ஆட்கள் நிற்பார்கள், போட் முதலாளிகள் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு சுவாமிநாதனின் மேஜைக்கு முன்னால் நிற்பார்கள். "சார், நம்ம டோக்கனு..." என்பார்கள். "இருங்க, பாக்குறேன்" என்பார் அவர். பார்க்க மாட்டார்.

நாலு வருஷத்துக்கு முன், தடைக்காலம் முடிந்த மறுநாள் காலை. இரண்டு மாதம் கரையில் கிடந்த போட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஐஸ் கேட்ட நாள். கருக்களாச்சேரி செல்லையனின் போட்டுக்கான டோக்கன் ஆறரை மணிக்கே மேஜைக்குப் போய்விட்டது. மேஜைக்குப் பின்னால் சுவாமிநாதன் இல்லை. ஒன்பது மணிக்கு வந்தார். செல்லையனோ போட்டிலேயே காத்திருந்துவிட்டு, முந்தின நாளே கையெழுத்து வாங்கியிருந்த மற்ற போட்டுகள் போய்விட்ட ஆத்திரத்தில், அவர்களிடம் கேட்டு வாங்கிய பாதி ஐஸோடு எட்டரைக்கே கிளம்பியிருந்தார். ஐந்து நாள் கழித்துத் திரும்பியபோது மீனில் பாதி கூழாகிவிட்டிருந்தது.

செல்லையன் கம்பெனி வாசலில் நின்று கத்தினார். சுவாமிநாதன் கத்தவில்லை. அவர் கத்துகிற ரகமே இல்லை. அமைதியாக, எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"டோக்கன் என் மேஜைக்கு வரவே இல்லீங்க. உங்க ஊருப் பொண்ணுதானே, அதையே கேளுங்க. எழுதவே மறந்துட்டு உக்காந்திருந்துச்சு."

செல்லையன் அவளுக்கு மாமா முறை. மேனேஜரை நம்புவதா, மருமகளை நம்புவதா என்று அவர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நாளைக்கும் ஐஸ் வேண்டுமே. நீலா அன்றே வேலையை விட்டாள். ஊரில் அவளுக்கு 'ஐஸ்தண்ணி' என்று பெயர் வைத்தார்கள். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் அவள் தலை தெரிந்தாலே, "புடவையத் தூக்கிக்குங்கடி, ஐஸ்தண்ணி வருது" என்று ஒரு குரல் எழும். வேடிக்கையாகத்தான் சொன்னார்கள். அதனால் அது நிற்கவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அவள் கையில் ஓர் ஆயுதம் கிடைத்தது. போலகத்தில் ஒரு காதுகுத்து விசேஷத்தின் புகைப்படம். யாரோ எதற்கோ வாட்ஸப்பில் அனுப்பியது. பந்தியில் மூன்றாவது இலைக்கு முன்னால் சுவாமிநாதன், கேசரியை வழித்துக்கொண்டு. படத்தின் மூலையில் தேதியும் நேரமும்: அதே நாள், காலை ஏழு நாற்பது.

"இதக் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துரு. முடிஞ்சுது" என்றான் கணவன் முத்துக்குமரன். போட் இஞ்சின் மெக்கானிக். எதையும் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன்.

"காட்டுனா?"

"அவரு பொய் சொன்னாருன்னு தெரியும்."

"தெரிஞ்சா?"

"மன்னிப்புக் கேப்பாரு."

"மன்னிப்ப வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அந்த வருஷம்தான் அவள் எம்.பி.ஏ. சேர்ந்தாள், முப்பத்து மூன்று வயதில். வகுப்பில் எல்லோரும் அக்கா என்றார்கள்.

மூன்றாவது பருவத்தில் செயல்முறை மேம்பாடு என்று ஒரு பாடம். நடத்தியவர் பஹீமா மேடம். ஒரு வேலை எங்கே தேங்குகிறது, எத்தனை நிமிஷம் வீணாகிறது, ஏன் வீணாகிறது என்று கண்டுபிடிக்கும் கலை. முதல் நாள் பலகையில் மீன் முள் படம் வரைந்தார். தலையில் பிரச்சினை, முள்ளெல்லாம் காரணங்கள்.

"மேடம், இது என்ன மீனு?" என்று கேட்டாள் நீலா.

"பொதுவா ஒரு மீன்மா."

"இப்படி எட்டே முள்ளோட ஒரு மீனு இருந்தா எங்க ஊருல எல்லாரும் அதத்தான் பிடிப்போம்."

வகுப்பு சிரித்தது. மேடமும் சிரித்தார். ஆனால் அடுத்த வாரம் சொல்லிக் கொடுத்த முறைதான் நீலாவை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரு தவறு நடந்தால் ஏன் என்று கேள். வருகிற பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேள். ஐந்து தடவை கேட்டால் வேர் கிடைக்கும். நீலா நோட்டைத் திறந்து விறுவிறுவென்று எழுதினாள். மீன் ஏன் கெட்டது? ஐஸ் போதவில்லை. ஐஸ் ஏன் போதவில்லை? நேரத்துக்குக் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? டோக்கனில் கையெழுத்து இல்லை. ஏன் இல்லை? சுவாமிநாதன் கேசரி தின்றுகொண்டிருந்தார்.

மேடம் நோட்டை வாங்கிப் படித்தார். "கேசரி வரைக்கும் சரி. ஆனா ஆள் பேரு வரக் கூடாதும்மா. இந்தப் பாடத்துல முதல் விதியே அதுதான். ஆளைத் திட்டாதே, முறையைத் தேடு."

"ஆளுதானே மேடம் தப்புப் பண்ணாரு?"

"இருக்கட்டும். நீ அவர மாட்டிவிட்டா என்ன நடக்கும்? முதலாளி திட்டுவாரு. அவரு நாளையிலேர்ந்து ஆறு மணிக்கே வந்து உக்காந்து, முன்னைவிட இன்னும் ஜாஸ்தியா கையெழுத்துப் போடுவாரு. ஜனங்க இன்னும் பணிவா நிப்பாங்க. அதுவா உனக்கு வேணும்?" நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "அப்புறம், நாலு ஏன்தான் கேட்டிருக்கே. ஒண்ணு பாக்கி."

பழிவாங்கக் கற்றுக்கொள்ள வந்த இடத்தில், பழி சொல்லக் கூடாது என்பது முதல் பாடம். வேறு யாராக இருந்தாலும் படிப்பை விட்டிருப்பார்கள். நீலா மேடம் சொன்ன காட்சியை மனதுக்குள் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். கையெழுத்தே வேண்டாம் என்றாகிவிட்டால்? பதவி இருக்கும், சம்பளம் இருக்கும், மேஜை இருக்கும். முன்னால் நிற்க ஆள் இருக்காது.

அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கியதாக முத்துக்குமரன் சொல்கிறான்.

ஆய்வுக்கு அதே ஐஸ் கம்பெனியைக் கேட்டாள். முதலாளி கைலாசநாதன் இலவசமாக எது வந்தாலும் சம்மதிப்பவர். சுவாமிநாதனுக்கும் ஆட்சேபம் இல்லை. அவர் பழசையெல்லாம் மறந்திருந்தார். அடித்தவர்களுக்கு அந்த வசதி உண்டு.

"வாம்மா நீலா! எம்.பி.ஏ.வா? நம்ம கம்பெனிப் பொண்ணு படிச்சு வந்திருக்குன்னா எனக்குத்தானே பெருமை."

"உங்களாலதான் சார் படிச்சேன்."

அவர் நெகிழ்ந்து போனார்.

பன்னிரண்டு காலைகள் போனை மடியில் வைத்துக்கொண்டு நேரம் குறித்தாள். டோக்கன் எழுதியதிலிருந்து போட்டுக்குள் ஐஸ் விழும்வரை சராசரி ஐம்பத்திரண்டு நிமிஷம். அதில் முப்பத்து நாலு நிமிஷம் கையெழுத்துக்கான காத்திருப்பு. கையெழுத்துப் போடுவதற்கு ஆன நேரம் நாலு விநாடி.

பாக்கி ஐந்தாவது ஏன். கையெழுத்து எதற்கு? கம்பெனியில் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே, கடல் இருக்கிற மாதிரி அதுவும் எப்போதும் இருந்தது என்றுதான் நினைப்பு. சுவாமிநாதனே உதவிக்கு வந்தார். "நம்மகிட்ட எல்லாத்துக்கும் ரெக்கார்டு உண்டும்மா" என்று தூசி தட்டி ஒரு பழைய ஃபைலை நீட்டினார்.

பத்து வருஷத்துக்கு முந்தைய ஒரு மனு. 'போட் உரிமையாளர்கள் பெரும்பாலும் உறவினர்கள். வாய்மொழியாகக் கேட்டு, வரிசை பாராமல், அடுத்தவருக்குரிய ஐஸை ஏற்றிச் செல்கின்றனர். ஆகவே ஒவ்வொரு டோக்கனிலும் மேனேஜரின் கையெழுத்தைக் கட்டாயமாக்க வேண்டுகிறேன்.' ஓரத்தில் சுவாமிநாதனின் 'அனுமதிக்கப்படுகிறது'. கீழே, மனு கொடுத்தவர்: மு. நீலாயதாட்சி, டோக்கன் எழுத்தர்.

நல்ல வட்டமான கையெழுத்து. வேலையில் சேர்ந்த முதல் மாதம்.

எல்லாம் ஞாபகம் வந்தது. "நீலா, மாமா போட்டுக்கு முப்பது கட்டி தள்ளச் சொல்லு" என்று செல்லையன் வந்து நிற்பார். இன்னொரு பக்கம் சித்தப்பா. அப்புறம் அத்தை மகன். ஐஸ் ஏற்றுகிறவர்களும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம்தான். கருக்களாச்சேரியில் மாமாவிடம் இல்லை என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு வழி கிடையாது. ஆனால் 'நான் குடுத்துருவேன் மாமா, மேனேஜர் கையெழுத்துப் போடலையே' என்று சொல்லலாம். விழிதியூர்க்காரர் யாருக்கும் மாமன் மச்சான் இல்லை. அவரால் இல்லை என்று சொல்ல முடியும். அந்த 'இல்லை'யை அவரிடமிருந்து இரவல் வாங்கினாள். ஆறு வருஷம் கழித்து அந்த மேஜையில்தான் அவள் டோக்கன் கேட்பாரற்றுக் கிடந்தது.

போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். இப்போது போனில் இரண்டு படங்கள். கேசரியைக் காட்டினால் அவள் பெயர் துலங்கும், அவர் கையெழுத்து நிலைக்கும். மனுவைக் காட்டினால் கையெழுத்து போகும், அவள் பெயர் இன்னும் கெடும்.

"ரெண்டையும் காட்டேன்" என்றான் முத்துக்குமரன்.

"கேசரியப் பாத்தா அப்புறம் எவனும் மனுவப் பாக்க மாட்டான். ஆளத் திட்டிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. கையெழுத்து அப்படியே இருக்கும்."

ஆய்வை முதலாளி அறையில் ஒரு பிற்பகலில் சமர்ப்பித்தாள். கைலாசநாதன், சுவாமிநாதன், பஹீமா மேடம், வாடிக்கையாளர் தரப்பில் செல்லையன். செல்லையனைத் தேடிப் பிடித்து அழைத்தது அவள்தான். எண்களைச் சொன்னாள். பரிந்துரை ஒன்றே ஒன்று: டோக்கனில் கையெழுத்து வேண்டாம். ஐஸ் விழுகிற இடத்துக்கு மேலே ஒரு பெரிய கரும்பலகை, அதில் போட்டுகளின் பெயர் வரிசையாக. யாருக்கு அடுத்தது என்று துறைமுகமே பார்க்கட்டும். வரிசையைத் தாண்டப் பார்க்கிற மாமாவை இன்னொரு மாமா விட மாட்டார்.

சுவாமிநாதன் நாற்காலி நுனிக்கு வந்தார். "அதெப்படிங்க? கையெழுத்துங்கறது கம்பெனி ரூலு. முதலாளி போட்ட ரூலு."

"நான் போட்ட மாதிரி ஞாபகம் இல்லையே" என்றார் கைலாசநாதன்.

"பின்ன யாரு போட்டது?"

"நான்தான் சார்" என்றாள் நீலா. மனுவைத் திரையில் காட்டினாள். "பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் கேட்டது. இப்ப நானே வேண்டாங்குறேன்."

செல்லையன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ அன்னிக்கு என் மீனு கெட்டதுக்கு வேரே நீதானா புள்ள?"

மடியில் போன் இருந்தது. ஒரு விரல் தள்ளினால் கேசரி. சுவாமிநாதன் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். "கேளுங்க, நல்லாக் கேளுங்க!"

"ஆமாம் மாமா" என்றாள் நீலா. "அந்த ரூலுதான் காரணம். அதத்தான் எடுக்கச் சொல்றேன்."

பஹீமா மேடம் அவள் முகத்தைப் பார்த்தார். நல்ல மாணவி என்று மட்டும் நினைத்தாரா, வேறு ஏதும் புரிந்ததா, தெரியவில்லை.

மறுவாரமே கரும்பலகை வந்துவிட்டது. முதல் நாள் பெரிய சண்டை. இரண்டாம் நாள் சின்னச் சண்டை. மூன்றாம் நாள் செல்லையனே சாக்பீஸும் கையுமாக வரிசைக்குக் காவல் நின்றார். ஐம்பத்திரண்டு நிமிஷம் பத்தொன்பதாகியது. சுவாமிநாதன் ஊரெல்லாம் சொன்னார்: "அவளே ஒத்துக்கிட்டா. தப்பு அவ மேலதான்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல?" ஜெயித்தது தான்தான் என்று உண்மையாகவே நம்பினார். ஏலம் நடக்கிற இடத்தில் 'ஐஸ்தண்ணி' இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டது. நீலா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் பக்கமாகவே போய்வந்தாள்.

மாற்றம் நிலைத்ததா என்று ஒரு மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும் என்பது பாடத்தின் கடைசி விதி. போனாள். கரும்பலகையைப் பத்து நிமிஷம் அளந்தாள். மீதி நேரம் மேனேஜர் அறைக்கு எதிரில் உட்கார்ந்து, ஒருவர் மேஜைக்கு வந்ததற்கும் அடுத்தவர் வருவதற்கும் இடையிலான நேரத்தைக் குறித்தாள். ஆய்வறிக்கையில் அதற்குப் பத்தி கிடையாது. முதல் நாள் இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிஷம். வந்தவரும் மின்விசிறி துடைக்க வந்தவர். இரண்டாம் நாள் யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் சுவாமிநாதனே கூப்பிட்டார். "ஏம்மா வெளிய உக்காந்திருக்கே? உள்ள வா. ஒரு டீ சாப்புடு. பேசிக்கிட்டு இருக்கலாம்."

"நேரம் பாக்கணும் சார்."

"வேற ஒண்ணும் வேணாமா?"

வேண்டியிருந்தது. நிறுவனத்தில் ஆய்வு நடந்ததற்கான சான்றிதழ். மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும், பல்கலைக்கழகத்தின் ரூல். நீலா உள்ளே போய் தாளை மேஜையில் வைத்தாள். அவர் படிக்கக்கூட இல்லை. பேனா ஏற்கெனவே கையில் இருந்தது. போனைத் தொட்டுக் குறித்துக்கொண்டாள். காத்திருப்பு: இல்லை. கையெழுத்து: மூன்று விநாடி.

"இன்னொரு காப்பிலயும் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார் சுவாமிநாதன். பேனாவை மூடவில்லை.

"வேணாம் சார்" என்றாள் நீலாயதாட்சி. "ஒண்ணு போதும்."