கம்ப்யூட்டர் குலுக்கிய வீடு

போன ஞாயிறு கிள்ளானில் ஒரு வீட்டுக் குலுக்கல். கூட்டுறவுச் சங்கம் ஒன்று கட்டிய மாடி வீடுகள். கீழ்வீடு யாருக்கு, மேல்வீடு யாருக்கு? சீட்டு எடுத்தால் சண்டை வருகிறதென்று இந்த முறை கம்ப்யூட்டர்!

புரோகிராம், சங்கம் வெளியாள் ஒருவரிடம் எழுதி வாங்கியது. இயக்கியது சாந்தி, பிரிக்பீல்ட்ஸில் என் பக்கத்து வீட்டுப் பெண், பெட்டாலிங் ஜெயாவில் புரோகிராமர். அவள் குடும்பமும் வீடு கேட்டிருந்தது. அவள் அப்பாவுக்கு மூட்டுவலி... படியைக் கண்டாலே முகம் சுருங்கும்.

திரையில் பெயர்கள் ஓடின. கீழ், மேல், கீழ், மேல்... கடைசிவரை அப்படியே. சாந்தி குடும்பத்துக்குக் கீழ்வீடு.

"பாத்தீங்களா, மாத்தி மாத்தி... என்னா நியாயம்!" என்றார் சங்கத் தலைவர். ஒரே கைதட்டல்.

சாந்தி முகம் வெளிறிவிட்டது. "இது குலுக்கலே இல்ல, அங்கிள்" என்றாள் என்னிடம்.

ஏனாம்? கம்ப்யூட்டருக்குக் குருட்டாம்போக்காக எதுவும் செய்யத் தெரியாதாம். ஓர் எண்ணைப் பெருக்கும், கூட்டும். அடுத்த எண் வரும். புரோகிராம் மொழியோடு வரும் பழைய கணக்கில் அவை ஒற்றை, இரட்டை என்று மாறி மாறித்தான் விழுமாம். ஒற்றை வந்தால் கீழ், இரட்டை வந்தால் மேல். பெயர்களை டைப் செய்த வரிசையிலேயே வீடுகள் முடிவாகிவிட்டன!

இரண்டு கணக்குகளைக் கலந்து, நன்றாகச் சோதித்து, ஆபீஸ் வேலைக்காக அவளே புதிதாக ஒன்று எழுதி வைத்திருந்தாள். ஃபிளாப்பியை எடுத்தாள்.

அப்பா அவள் கையைப் பிடித்தார். "போதும் லா. நமக்குத்தான் கீழ்வீடு கெடைச்சிருச்சே!"

"அதனாலதான்பா மறுபடி போடணும்."

தலைவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மறுபடி போட்டாள். கீழ், கீழ், கீழ், மேல், கீழ், மேல், மேல், மேல்... கூட்டம் கொதித்தது. "இதுதான் கள்ளாட்டம்!"

நிஜமான குலுக்கல் இப்படித்தான் கோணல்மாணலாக விழுமாம். வெறும் பெருக்கலையும் கூட்டலையும் வைத்து, பார்க்கிற யாராலும் அடுத்தது என்னவென்று ஊகிக்க முடியாத ஒன்றை ஒரு பெண் உண்டாக்கிவிட்டாளே! உடம்பு சிலிர்த்தது.

அப்போது சாந்தி குடும்பத்தின் பெயர் வந்தது.

மேல்வீடு.

கூச்சல் சட்டென்று அடங்கியது.

"நீ எழுதினதுக்கே நம்மளத் தெரியலையாம்மா?" என்றார் அப்பா.

"தெரியக்கூடாதுப்பா. அதுக்குத்தான் இவ்ளோ கஷ்டப்பட்டேன்."

எந்த ஆபீசுக்குப் போனாலும், "உள்ளே நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கா?" என்று விசாரித்தே பழகியவர்கள் நாம். இந்த முறை இருந்தாள்... அதனால்தான் அவள் அப்பா படி ஏறப்போகிறார்!