நம்பலாமா என்று கேட்டது போன்

அக்காவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்த மாதம் பார்த்துத்தான் மலேசியாவில், ஈப்போவில், சித்தி பேத்திக்குக் கல்யாணம் வைத்தார்கள். அக்காவால் அசைய முடியவில்லை. அவளுக்குத் துணையாக அத்தானும் தங்கிவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் கோச் பஸ் ஏறிப் போய்விட்டு வந்தோம். வந்த நாளிலிருந்து அக்கா விடாமல் போன் பண்ணினாள்.

"படம் எங்கடி?"

"அனுப்பினேனே அக்கா."

"தீப்பெட்டி சைஸ்ல இருக்கு. பொண்ணு கழுத்துல கிடக்கறது அட்டிகையா, வேற ஏதாவதான்னே தெரியல. உங்க வீட்டு டிவில போட்டுக் காட்டு. சனிக்கிழமை சாயங்காலம் நாங்க வர்றோம்."

சிங்கப்பூரில் எங்கள் ஆங் மோ கியோ வீட்டின் ஹால் சிறியது. டிவி மட்டும் பெரியது. மெல்பர்னுக்குப் படிக்கப் போகுமுன் மகள் அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆகவே போனில் இருக்கும் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் போதும். அந்த வேலையைச் செய்யத் தன்னை விட்டால் ஆளில்லை என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துகொண்டார். துவாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிரிவுக்கு அவர் சூப்பர்வைசர். லாரி அளவுள்ள இயந்திரமே தன் பேச்சைக் கேட்கும்போது உள்ளங்கை அளவு போன் கேட்காதா என்பது அவர் கணக்கு.

போன் கேட்கவில்லை. இழுப்பறையில் சுருண்டு கிடந்த கேபிள்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகிப் பார்த்தார். எதைச் செருகினாலும் போன் சந்தோஷமாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டது. கம்ப்யூட்டரோ, அப்படி ஒரு போன் பக்கத்தில் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் மகளைக் கூப்பிட்டோம்.

"அப்பா, அதெல்லாம் சார்ஜிங் கேபிள். படம் போகாது. பேசாம க்ளவுட்ல போடுங்க, ஈஸி லா."

"நம்ம வீட்டுப் படம் நம்ம வீட்லதான்மா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார். நம் ஆட்கள் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போய் நல்ல கேபிள் வாங்கி வருகிறாராம்.

"கீழ காப்பிக்கடை பக்கத்துலயே போன் கடை இருக்கே?"

"அவன் எதையாவது தலையில கட்டிடுவான். தேக்காவுல தெரிஞ்ச பாய் கடை இருக்கு."

காலையில் போனவர் மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் தாண்டித் திரும்பி வந்தார். கையில் ஒரு முழக் கேபிள். சாப்பாடு வேண்டாம் என்றார். வெயிலில் அலைந்ததில் பசியே போய்விட்டதாம். பாவம், நமக்காகத்தானே இத்தனை அலைச்சல் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. சர்க்கரை போடாமல் எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். அவருக்குச் சர்க்கரை நோய். அத்தானுக்கும் அதே. இரண்டு பேருக்கும் ஒரே டாக்டர், ஒரே மாத்திரை, ஒரே பத்தியம்.

புதுக் கேபிளைச் செருகியதும் என் போன் ஒரு கேள்வி கேட்டது. இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?

"என்னங்க, நம்பலாமான்னு கேக்குது."

"நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்தானே? நம்பு."

"போன வருஷம் உங்க டாக்ஸ் கணக்கையெல்லாம் முழுங்கிட்டு முழிச்சுதே, அதே கம்ப்யூட்டர்தானே?"

"அது என் தப்பு இல்ல. அமுக்கு."

அமுக்கினேன். என் வாழ்நாள் படங்களெல்லாம் குட்டிக் குட்டிக் கட்டங்களாகத் திரையில் வந்து நின்றன. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கல்யாணப் படங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார். முகூர்த்தம் வரைக்கும்கூடப் போகவில்லை, கழுத்து வலித்துவிட்டது. 'எல்லாவற்றையும்' என்ற பட்டனைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பச்சைக் கோடு நகர்வதை, உலை கொதிப்பதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்க போன்ல இருக்கறதையும் ஏத்துங்க. தாலி கட்டுறப்ப நான் அழுதுட்டு நின்னேன். நீங்கதான் எடுத்தீங்க."

"அதுல என்ன, நாலஞ்சு படம் இருக்கும். அப்புறம் நானே பாத்துக்கறேன்."

சனிக்கிழமை வந்துவிட்டது, அந்த அப்புறம் வரவில்லை. அக்கா வருகிற நேரத்துக்கு இவர் குளியலறைக்குள் போய்ப் பாட ஆரம்பித்துவிட்டார். பாட ஆரம்பித்தால் சரணம் முடியாமல் வெளியே வரமாட்டார். தாலி கட்டும் படம் இல்லாமல் கல்யாணத்தைக் காட்டினால் அக்கா சும்மா விடுவாளா? மேஜையில் அவர் போன் கிடந்தது. கடவு எண்ணை அடிக்கடி மறந்துபோவதால் என்னிடமும் சொல்லி வைத்திருக்கிறார். கேபிளைச் செருகினேன். நம்பலாமா என்று அதுவும் கேட்டது. அவர் சார்பில் நானே நம்பினேன். எல்லாவற்றையும் என்று தட்டிவிட்டுச் சப்பாத்திக்கு மாவு பிசையப் போனேன். மாவு பிசைந்து, ஊற வைத்து, உருட்டியும் முடித்தேன். பச்சைக் கோடு பாதிதான் நகர்ந்திருந்தது. நாலைந்து படத்துக்கு இவ்வளவு நேரமா என்று ஒரு கணம் தோன்றியது. பழைய கம்ப்யூட்டர், மெதுவாகத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். பிசியோதெரபிஸ்ட் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். அக்காவோ லிஃப்டிலிருந்து டாக்சி, டாக்சியிலிருந்து லிஃப்ட் என்று இருந்தாள். சோபாவில் உட்கார வைத்துக் காலுக்கு ஸ்டூல் போட்டு, அவள் கையில் டிவி ரிமோட்டையும் கொடுத்தேன். இந்தப் பக்கம் அத்தான், அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர். சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம் என்று ஆளுக்கொரு தட்டு. ஆண்கள் இருவருக்கும் எண்ணெய் தடவாத சப்பாத்தி, பாகற்காய் பொரியல், கீரை.

"எப்படித்தான் இதையே சாப்பிடறாங்களோ" என்றாள் அக்கா. "ஆனா இவரு ஒரு வார்த்தை முணுமுணுக்கறதில்ல தெரியுமா? ஞாயித்துக்கிழமை காலையில வெறும் வயித்தோட கேலாங் கோயிலுக்குப் போயி, சேவை செஞ்சிட்டு, மத்தியானம் வந்து ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்பிடுவாரு."

"இவரும்தான் அக்கா. துணைக்குப் போறாரே."

இருவரும் அடக்கத்தோடு சப்பாத்தியைக் கிழித்தார்கள்.

படங்கள் தானாக ஒன்றன்பின் ஒன்றாக மாறும்படி நான் தட்டிவிட்டிருந்தேன். பின்னால் வீணை இசை வேறு. கல்யாண மண்டபம் வந்தது. பெண் வந்தாள். "அட்டிகைதான்!" என்று அக்கா கைதட்டினாள். அடுத்து தாலி கட்டும் படம் வந்திருக்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் படங்களைச் சீட்டுக்கட்டுபோல் கலைத்துப் போட்டிருந்தது. டிவி முழுக்கச் சிவப்பாக, ஈரமாக, குகை மாதிரி ஏதோ வந்தது.

"இது யாருடி?"

"இவரோட தொண்டை அக்கா. போன மாசம் புண்ணு. டாக்டர்கிட்ட காட்ட எடுத்தது."

அக்கா வாயருகே கொண்டுபோன கீரையைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். அடுத்து கார் நிறுத்திய இடம் மறக்காமலிருக்க எடுத்த ஒரு தூண். அதன்பின் மாப்பிள்ளை வீட்டு வரிசைத் தட்டுகள். பிறகு ஒரு துடைப்பத்தின் விலைச்சீட்டு. அதற்கும் பிறகு வாழையிலை வந்தது. இலை நடுவில் முழு மீன் தலை, குழம்பில் மிதந்துகொண்டிருந்தது.

"கல்யாணத்துல மீன் தலைக் கறியா போட்டாங்க?"

"சைவச் சாப்பாடுதானே அக்கா போட்டாங்க" என்றேன்.

"அது... ரிசப்ஷன்ல" என்றார் என் வீட்டுக்காரர். குரல் சப்பாத்தியில் சிக்கியிருந்தது.

"ரிசப்ஷனுக்கு நானும்தானே வந்தேன்?"

அவர் பதில் சொல்லுமுன் நெய் ரோஸ்ட் வந்தது. கோபுரம் மாதிரி நிமிர்ந்து நின்ற தோசை. உச்சியிலிருந்து நெய் வழிந்தது. எங்கள் டிவியில் அது ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. அடுத்து ஜிலேபி. அதற்கடுத்து பிரியாணி, மேலே முட்டை. பிறகு நண்டு. அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரிடம் ஓடினார். எதையோ அமுக்கினார். வீணை சத்தம் கூடியது. இன்னொன்றை அமுக்கினார். நண்டு பெரிதாகியது.

"தம்பி, ஏன் ஓடறீங்க? உட்காருங்க" என்றாள் அக்கா.

"ரிமோட்டக் குடு" என்று அத்தான் மெதுவாகக் கை நீட்டினார்.

அக்கா ரிமோட்டைத் தன் இடுப்புக்கும் சோபாவுக்கும் நடுவே செருகிக்கொண்டாள். "எனக்குக் கால் வலி. அசைய முடியாது."

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. இன்னொரு நெய் ரோஸ்ட், ஜன்னலுக்கு வெளியே தேக்கா மார்க்கெட். தோசைக்குப் பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிய்க்க வந்துகொண்டிருந்தது. அந்த விரலில் பச்சைக்கல் மோதிரம். கோபம் குறையும் என்று ஜோசியர் சொன்னதற்காக அக்கா தன் கையால் தேர்ந்தெடுத்துச் செய்து போட்ட மோதிரம். அக்கா டிவியைப் பார்த்தாள். திரும்பித் தன் பக்கத்தில் சப்பாத்தியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். மறுபடி டிவியைப் பார்த்தாள்.

"மோதிரம் நல்லாத் தெரியுதுங்க."

"கோயில்லேருந்து வர்ற வழியிலதான்..." என்று அத்தான் ஆரம்பித்தார்.

"கேலாங்லேருந்து நம்ம வீட்டுக்கு வர்ற வழியில தேக்கா எங்கங்க வருது? எந்த பஸ்ஸு?"

அதற்குள் அடுத்த படம். சகலைகள் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டது. இருவர் மீசையிலும் தே தாரிக் டீயின் நுரை. பின்னால் கடைச்சுவரில் மெனு பலகை. என் வீட்டுக்காரர் கண்ணை இடுக்கி, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது உண்மை. கூடவே, இத்தனை மாதமாக நான் சுட்டுப் போட்ட சப்பாத்திக்கு ஒருநாளாவது இந்த முகம் மலர்ந்திருக்கிறதா என்று தோன்றியதும் உண்மை.

"கேபிள் வாங்கப் போன அன்னிக்குமா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு வெறும் பரோட்டாதான்."

"எலுமிச்சைச் சாறு பிழிஞ்சு குடுத்தேனே, பாவம்னு!"

"அதான் குடிச்சேனே" என்றார், தியாகம் செய்தவர் குரலில்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திரையையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்களும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி அவள் வாயைப் பார்த்தார்கள்.

"பின்னால போ" என்றாள் என்னிடம். "இன்னும் பின்னால. ஆங், அந்த நண்டு. மிளகு போட்டதா, மசாலாவா?"

"மிளகு" என்றார் அத்தான், தரையைப் பார்த்து.

"எந்தக் கடை?"

சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நாங்களும் வர்றோம். முதல்ல கோயிலு. நிஜமாவே போவோம்."

அதன்பிறகு மிச்சக் கல்யாணத்தையும் பார்த்தோம். நடுநடுவே கோழியும் குலாப் ஜாமூனும் வந்து போயின. தாலி கட்டும் படம் கடைசிவரை வரவே இல்லை. சரியாக அந்த நேரத்தில் இவர் தன் சட்டைப் பையைத்தான் வீடியோ எடுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் கோயிலில் சாமி கும்பிட்டோம். வெளியே வந்ததும் அத்தான் டாக்சி பிடிக்கப் போனார். அக்கா வேண்டாமென்றாள். தடியை ஊன்றி எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் நடந்தாள். பிசியோதெரபிஸ்ட் கெஞ்சியும் நடக்காத நடை. தேக்காவில் இறங்கியும் நடந்தாள். கடை வாசலில் பரிமாறுகிற ஆள் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்கண்ணே, வாங்க! வழக்கம்போல ரெண்டு நெய் ரோஸ்ட், ஒரு நண்டுதானே?"

"அதேதான் தம்பி" என்றாள் அக்கா. "ஆனா அது எங்க ரெண்டு பேருக்கும். இவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு இட்லி, சாம்பார் தனியா."

சகலைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பரிமாறுகிறவர் ரொம்பத் தயங்கித் தயங்கி இட்லியை வைத்துவிட்டுப் போனார். நெய் ரோஸ்டின் உச்சியை நான் உடைத்தபோது அந்தச் சத்தம் என் வீட்டுக்காரருக்குள் எங்கோ போய்த் தைத்ததை அவர் முகத்தில் பார்த்தேன். இரக்கப்பட்டு ஓரத்தில் கொஞ்சம் பிய்த்துக் கொடுத்தேன். அக்கா பார்க்காத மாதிரி நண்டோடு போராடிக்கொண்டிருந்தாள்.

அது அப்படியே வாராவார வழக்கமாகிவிட்டது. அக்கா தடியை விட்டுவிட்டாள். ஆண்களின் அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது. டாக்டர் இருவரையும் பாராட்டினார். வந்ததே வந்தோம் என்று எனக்கும் எடுத்துப் பார்த்ததில், எனக்கு லேசாக ஏறியிருந்தது.

வீடு திரும்பினோம். வந்ததும் என் வீட்டுக்காரர் நேரே சமையலறைக்குள் போனார். பலகையில் கத்தி விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு நிறைய வெள்ளரிக்காயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். உப்புகூடப் போடவில்லை. ரொம்ப மெல்லிசாக, அழகாக நறுக்கியிருந்தார்.