ஆடு படுத்த குசினி

பிரான்சில் ஏதோ ஒரு நாட்டுப்புறத்தில் என் மகள் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறாள். கல்வீடாம், பழசாம். விறகு போட்டு எரிக்கும் இரும்பு அடுப்பு ஒன்றுதான் வீடு முழுவதற்கும் சூடு கொடுக்குமாம். "எடுக்கட்டோ விடட்டோ அம்மா?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அந்த நாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் சொன்னேன். "மழை பெய்யிற நாளிலை போய்ப் பார். விறகை ஒண்டோடை ஒண்டு தட்டிப் பார், ஈர விறகு கணீரெண்டு கேக்காது. பூட்டிக் கிடக்கிற கதவு எல்லாத்தையும் திறந்து காட்டச் சொல்லு."

"ஆடு நிக்குதோ எண்டும் கேக்கட்டோ?" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

போர்க்காலச் செல்லடிக்குப் பயந்து நாங்கள் ஊரை விட்டு உடுப்பிட்டிப் பக்கம் போன ஆண்டு அது. மகள் நிறைமாதம். மருமகன் கொழும்பில் வேலை. பாதை பூட்டியிருந்ததால் அவரால் வர முடியவில்லை. என் மனுசன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே வீடு பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைக்கவே கூசுகிற எனக்கு அது பெரிய தண்டனை.

கிடைத்தது ஒரு சீதன வீடு. ஒரு குடும்பத்தில் தங்கைக்குக் கொடுத்த வீடு அது. தங்கை குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட, தமக்கை சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்காரி ஆகிவிட்டாள். முன்பக்கத்தில் அவள் இருந்தாள். பின்னறை எங்களுக்கு. நான் பார்க்கப் போனது நல்ல வெயில் நாள். வெள்ளையடித்த சுவர் கண்ணைப் பறித்தது. வளவின் மூலையில், அடுப்பும் புகைக்கூடும் வைத்துக் கட்டிய குசினி ஒன்று தனியாக நின்றது.

"தங்கச்சி பிரான்சிலையிருந்து காசு அனுப்பிக் கட்டினது. இந்தப் பக்கத்திலை இப்பிடி ஒரு குசினியைக் காட்டும் பாப்பம்!" என்றாள்.

கதவு சாத்தியிருந்தது. திறந்து காட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

குடிவந்த அன்று பொழுதுபடும்போதுதான் அந்தக் கதவு திறந்தது. ஐந்தாறு ஆடுகளும் ஒரு கிடாயும் வரிசையாக உள்ளே போயின. அவள் கதவைச் சாத்தினாள். காலையில் திறந்தபோது உள்ளிருந்த காற்று முகத்தில் அடித்தது. புழுக்கை, மூத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிடாயின் மொச்சை நாற்றம். அந்த மொச்சை கொடியில் காயும் சேலையில் ஏறியது. தண்ணீர்க் குடத்தில்கூட மணப்பது போல இருந்தது. அவளோ குளித்து முழுகி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அதற்குள் நின்று ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப நாங்கள் எங்கை சமைக்கிறது அக்கா?"

"மூண்டு கல்லை வைச்சு வெளியிலை சமையும். வெயில்தானே."

வெயில் எத்தனை நாளைக்கு? மகள் பிள்ளை பெற்று ஆசுபத்திரியிலிருந்து வந்த கிழமையே மாரி பிடித்துக்கொண்டது. பின்னறையின் ஓடு மூன்று இடத்தில் ஒழுகியது. வெள்ளையடித்த சுவர் ஊறி, பொருக்குப் பொருக்காகப் பிள்ளையின் துணியில் விழுந்தது. மண்ணெண்ணெய் கண்ணால் காண முடியாத காலம். நனைந்த பனைமட்டையை ஊதி ஊதி என் கண் எரிந்ததே தவிர, பிள்ளைபெற்றவளுக்கு வார்க்க ஒரு பானை சுடுதண்ணீர் கொதிக்கவில்லை. பிறந்த பெட்டைக்குஞ்சு, என் பேத்தி, ஒரு கைப்பிடி அளவு. உள்ளங்கால் இரண்டும் கிணற்றுக் கல் போலக் குளிர்ந்து கிடந்தன. பால் குடிக்கவும் சோம்பிப் போய்விட்டது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது.

வெட்கத்தை விட்டுப் போய்க் கேட்டேன். "அக்கா, மழை விடுமட்டும் குசினியைத் தாருங்கோ. பிள்ளைக்குச் சூடு வேணும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உமக்கு விசரோ? பிள்ளைபெத்த துடக்குக்காறியைக் குசினிக்கை விடேலுமோ? தைப்பொங்கலுக்குச் சாமிக்குப் பொங்கிற அடுப்பு அது."

"ஆடு நிக்குதே?"

"ஆட்டுக்கு என்ன துடக்கு?" என்றாள். "துடக்குப் பின்னறையோடை நிக்கோணும். முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும், பிறகு கதைப்பம்."

பிள்ளை பிறந்த தீட்டு, அந்தத் துடக்கு எனக்கும் உண்டு. அந்த நாட்களில் நானும் கோயில் பக்கம் போகவில்லை. ஆனால் என் பேத்தி நனைந்த பாயில் விறைக்க, சாமிக்குப் பொங்குகிற அடுப்பிலே கிடாய் மூத்திரம் பெய்வதை என்ன துடக்கில் சேர்ப்பது? பின்னறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் மத்தியானம் அவள் குடையோடு கோயிலுக்குப் போனாள். மழை கொட்டியது. பாயின் கீழே தண்ணீர் ஓடி வந்தது. நான் போய்க் குசினிக் கதவைத் திறந்தேன். ஆடுகளை நான் துரத்தவில்லை. மழை என்று பகலிலும் அடைபட்டுக் கிடந்தவை, கதவு திறந்ததும் வெளியே பாய்ந்து, தாமாகவே அவளுடைய முன் விறாந்தைக்கு ஓடிப்போய் ஏறிக்கொண்டன. மூக்கைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு, புழுக்கையை மண்வெட்டியால் வழித்தேன். ஊற்றினேன், தேய்த்தேன், சாம்பல் போட்டுத் திரும்பவும் தேய்த்தேன். இரண்டு தடவை வெளியே ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். மூலையில் பனங்கொட்டையின் காய்ந்த ஓடு, ஊமல், குவியலாகக் கிடந்தது. அடுப்பில் போட்டதும் சிவந்து கனன்றது. புகை ஒழுங்காகப் புகைக்கூட்டால் போனது. மகளையும் பிள்ளையையும் சாக்கால் மூடிக் கொண்டுவந்து அடுப்பருகே படுக்க வைத்தேன்.

வீட்டுக்காரி வந்தாள். விறாந்தையைக் கண்டு போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாயும் குரைத்தது. நேரே குசினி வாசலுக்கு வந்தாள். ஒரு காலைத் தூக்கியவள், உள்ளே படுத்திருந்த மகளைக் கண்டதும் அப்படியே பின்னுக்கு வைத்தாள். உள்ளே வந்தால் துடக்கு ஒட்டிவிடுமே.

"வெளியிலை வாரும்! இப்பவே வாரும்!"

குடையை விறாந்தையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். திருநீறு கரைந்து மூக்கால் ஒழுகியது. வீட்டு வாசலில் ஆர் நின்றாலும் நான் சொல்கிற சொல்தான் என் வாயில் வந்தது.

"உள்ளை வாங்கோ அக்கா. நனையாதேங்கோ."

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. மகள் சாக்குக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள். வீட்டுக்காரி மழைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வாசற்படியைத் தாண்டவில்லை. தூர நின்று திட்டுவாள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஊமலைத் தள்ளிவிடுவேன். இரவில் அவள் முன்பக்கத்தில் ஆடுகளின் இருமலோடு படுத்தாள்.

பிள்ளையின் கால் சூடேறியது. சத்தம் போட்டு அழவும், இழுத்துப் பால் குடிக்கவும் தொடங்கியது. ஆனால் அந்த நாற்றம் போகவே இல்லை. சுவர் குடித்து வைத்திருந்ததைச் சூடு வெளியே கக்க வைத்தது. சாம்பிராணி போட்டால் சாம்பிராணியும் கிடாயும் சேர்ந்து மணந்தன. சோற்றைக் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்கினேன்.

துடக்குக் கழிந்த அன்றே வேறு இடம் பார்த்துப் புறப்பட்டோம். நாங்கள் படலையைத் தாண்டுமுன் அவள் மஞ்சள் தண்ணீரோடு குசினிக்குள் போனாள். சுவருக்கும் நிலத்துக்கும் அடுப்புக்கும் தெளித்தாள். நாங்கள் கிடந்த மூலைக்கு இரண்டு தரம் தெளித்தாள். பிறகு திரும்பி, "பா, பா" என்று ஆடுகளைக் கூப்பிட்டாள்.

மஞ்சள் காயவில்லை. கிடாய் முதலில் உள்ளே போய், அடுப்பு வாசலில் நின்று மூத்திரம் பெய்தது.