சனிக்கிழமை முடியும் நேரம்

என் மாமனாருக்குத் தெரு வைத்த பெயர் ‘சந்தேகம்’. பழம் வாங்கினால் தராசை ஒரு பார்வை, தராசு பிடித்தவரை இரண்டு பார்வை பார்ப்பார். பெண்ணைக் கொடுத்த பிறகும் என் ஆபீசுக்கே போய் என்னைப் பற்றி விசாரித்த புண்ணியவான். “வாங்க மாப்ள” என்று வாய் நிறையக் கூப்பிடுவார். கண் மட்டும், இவன் எதுக்கு வந்திருக்கான் என்று கேட்கும்.

அவருக்கும் ஒரு கூட்டாளி இருந்தார். இரண்டு பேருமாகத் தையல் கடை நடத்தினார்கள். கூட்டாளி யூதர், சனிக்கிழமை ஊசியைத் தொடமாட்டார். மாமனார் கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை தொடமாட்டார். ஆக, கடைக்கு லீவே கிடையாது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே கூட்டாளி கிளம்பிவிடுவார். அது பக்தியல்ல, சோம்பேறித்தனம் என்பது மாமனாரின் கட்சி.

மற்ற நாட்களில் மெஷின் சத்தத்துக்கு நடுவே வேதம் பேசுவார்கள்.

“மோசே உங்களுக்கும் வேணும், எங்களுக்கும் வேணும். பத்துக் கட்டளையும் அதேதான். அப்புறம் என்னய்யா தகராறு?”

“மேசியா வந்துட்டார்னு நீங்க சொல்றீங்க. இன்னும் வரணும்னு நாங்க காத்துட்டிருக்கோம், அண்ணே.”

“வந்தவரையே நம்பாத ஆளை நான் எப்படிய்யா நம்புறது?”

கூட்டாளி சிரிப்பார். மாமனார் பாதிதான் சிரிப்பார்.

சனிக்கிழமை மாமனார் தனியாகத் தைத்து வைப்பதை, ஞாயிறு காலை கடை திறந்ததுமே ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி, கடையில் விட்டுவந்த குடையை எடுக்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

“பூட்டிட்டு வந்த கடையில லைட் எரியுது, மாப்ள. மெஷின் ஓடுது. ஓய்வுநாளாம், ஓய்வுநாள்! எனக்குத் தெரியாம தனியா ஆள் பிடிச்சுத் தைக்கிறான்.”

அடுத்த சனிக்கிழமை சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கூட்டாளியிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டு, கூட்டையே முறித்துவிடுவது என்று முடிவு. என் கல்யாணத்துக்கு ஆசையாகக் கோட்டு தைத்துக் கொடுத்தவர் அந்தக் கூட்டாளி. இருட்டியிருந்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“இதுதான் உங்க ஓய்வுநாளா?”

கூட்டாளி காலை மெஷினிலிருந்து எடுத்தார். “அது முடிஞ்சிடுச்சே, அண்ணே. எங்களுக்கு நாள் பொழுது சாயறப்போ ஆரம்பிச்சு, மறுநாள் இருட்டினதும் முடிஞ்சிடும். வானத்துல மூணு நட்சத்திரம் தெரிஞ்சா கணக்கு முடிஞ்சுது.”

மாமனார் விறுவிறுவென்று தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

“எங்கய்யா நட்சத்திரம்? புளுகுறதுக்கு வானம்தான் கிடைச்சுதா?”

கூட்டாளி என்னைப் பார்த்தார்.

“மாப்ள, நீங்க சொல்லுங்க” என்றார் மாமனார்.

“இருக்கு, மாமா.”

“மூணா?”

“அதுக்கு மேலயே இருக்கு.”

இன்னொரு தடவை அண்ணாந்தார். பிறகு மெதுவாக உள்ளே போனார். மெஷினில் கிடந்தது, மத்தியானம் அவரே தைத்து முடித்த கோட்டு. பொத்தான் மாட்டும் காஜா இரண்டு பிரித்திருந்தது. பிரிக்காததை விளக்கடியில், மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். காஜா கோணலாகப் போயிருந்தது.

“எவ்வளவு நாளா?”

“கொஞ்ச காலமா.”

“யார் யார்கிட்ட சொன்னே?”

“யார்கிட்டயும் இல்ல. மத்த நாள்ல நான் பக்கத்துலயே இருக்கேன், அப்பப்ப சரி பண்ணிடறேன். சனிக்கிழமைதான்… விடிஞ்சா ஆளுங்க வந்து நிப்பாங்களே, அண்ணே.”

ஊரையே சந்தேகப்பட்ட மனிதர், தன் கண்ணை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை.

அன்று அவர் சாவியைக் கேட்கவில்லை. குடையைக்கூட மறந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் துணியை வாங்கி வைப்பதோடு சரி, தைக்கமாட்டார். சாயங்காலம் கடைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். சில நாள் நானும் துணைக்கு இருப்பேன். இருட்டியதும் கதவு தட்டும் சத்தம் கேட்கும்.

“மூணும் வந்துடுச்சா?” என்பார் உள்ளிருந்தே.

“வந்துடுச்சு, அண்ணே.”

ஜன்னல் பக்கத்திலேயே நான் நின்றாலும் என்னைக் கேட்கமாட்டார். எழுந்து போய்த் தாழை நீக்குவார்.