மோட்டார் குழாயில் படிந்திருந்த கரி

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் மீட்புப் படகின் மோட்டாருக்கு நான்தான் பொறுப்பு. திருவெறும்பூரில் ஃபிட்டராக இருப்பதால் மோட்டார் விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"மெதுவா போனா இன்ஜின் நின்னுடுதுங்க. ஒருதடவை பிரிச்சுப் பாருங்க" என்று படகோட்டும் முருகேசன் இரண்டு முறை சொன்னார். பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு, "உங்க கைதாங்க சரியில்ல" என்றேன்.

கொள்ளிடத்தில் திடீரென்று தண்ணீர் ஏறிய அன்று, ஆடு வளர்க்கும் செல்லம்மாளின் ஆறு ஆடுகள் ஆற்று மணல்திட்டில் மாட்டிக்கொண்டன. நானும் முருகேசனும் படகில் போனோம். திட்டை நெருங்கியதும் முருகேசன் வேகத்தைக் குறைத்தார். மோட்டார் நின்றுவிட்டது. மறுபடி கிளப்புவதற்குள் வெள்ளம் எங்களை வெகுதூரம் இழுத்துப் போயிருந்தது. திரும்பி வந்தபோது திட்டையும் காணோம், ஆடுகளையும் காணோம்.

கரையில் அந்த அம்மா கதறினார்.

"இவருக்கு ஓட்டத் தெரியலம்மா" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். முருகேசன் என்னை ஒருமுறை பார்த்தார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து மோட்டாரைப் பிரித்தேன். இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் உள்ளே எண்ணெயும் கரியும் தார் போல அப்பியிருந்தன. சுண்டுவிரல் நுழையத்தான் வழி இருந்தது. மெதுவாக ஓடும்போது காற்று போதாமல் இன்ஜின் நின்றது அதனால்தான்.

முருகேசன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா? மார்க்கெட்ல என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க."

"நாளைக்கே சொல்றேங்க" என்றேன்.

நான்கு மாதமாகிறது. செல்லம்மாளின் தெரு வரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். முகம் தெரியாத உங்களிடம் சொல்ல முடிகிறது. அவரிடம் சொல்லத்தான் முடியவில்லை.