கத்திரிக்காய்க்கு ஏணி

சதுரங்கப்பட்டினக் கடற்கரையில் கரைவலை இழுக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்த நானும் கயிற்றைப் பிடிக்கிறேன். கரையேறிய வலையின் மடியில் கிடப்பது கொஞ்சம் நெத்திலி மட்டும். பங்கு பிரிக்கும் செல்வி அக்காவின் முகம் வாடுகிறது.

"கலி முத்திப்போச்சு. மீனு சிறுத்துகினே வருது. மனுசனும் சிறுத்துடுவானாம். கத்திரிக்கா பறிக்க ஏணி வெச்சி ஏறுவானாம்."

"அப்போ வலையை யார் இழுப்பாங்க, அக்கா?"

யோசிக்கிறார். சிரிப்பு வந்துவிடுகிறது.

"இன்னாத்துக்கு இழுக்கணும்? அத்தினியூண்டு ஆளுங்களுக்கு ஒரு நெத்திலி கெடச்சா குப்பமே துன்னுமே!"

கயிறு பிடித்தவரை இங்கே வெறுங்கையோடு அனுப்புவதில்லை. என் பைக்குள் ஒரு கை அள்ளிப் போடுகிறார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இன்னொரு கையும் அள்ளுகிறார்.

"நீ இன்னும் முழுசாத்தான் கீற. எடுத்துகினு போ."